வீட்டுக்கு இன்சூரன்ஸ்: மலிவு எது? ஏமாற்று எது?

ஐப்பசி பிறந்தால் சென்னைவாசிக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது!

"வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை" என்று டி.வி.யில் சொன்னால் போதும். வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் கீழ்வீட்டுக்காரர்கள் பிரிட்ஜுக்கு அடியில் செங்கல் வைக்கிறார்கள். வியாசர்பாடியில் மெத்தையைச் சுருட்டிப் பரணில் ஏற்றுகிறார்கள். கார் வைத்திருப்பவர்கள் அதை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வருகிறார்கள்.

எல்லாம் செய்கிறோம். வீட்டுக்கு இன்சூரன்ஸ் மட்டும் எடுப்பதில்லை!

ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. இல்லாவிட்டால் போலீஸ் பிடிக்கும். உயிருக்கு எல்.ஐ.சி. இருக்கிறது. ஆயுசு பூராவும் உழைத்து, தாலிச் சங்கிலியை அடகு வைத்துக் கட்டிய வீட்டுக்கு? ஒன்றும் இல்லை.

கேட்டால், "அதெல்லாம் பங்களாக்காரங்க சமாச்சாரம் சார், நமக்குக் கட்டுப்படி ஆகுமா?" என்கிறார்கள்.

கட்டுப்படி ஆகும்! வீட்டு இன்சூரன்ஸ் நாம் நினைப்பதைவிட மலிவான சரக்கு. ஆனால் பார்த்து எடுக்க வேண்டும். பிரிமியம் குறைச்சல் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டால், கட்டிய காசும் வெள்ளத்தோடு போச்சு!

நிவாரணம் போதுமா?

பழைய கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

2015 டிசம்பர் முதல் தேதி. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் அடையாற்றில் பாய்ந்தது. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம், முடிச்சூர் எல்லாம் தண்ணீரில் மிதந்தன.

அடுத்த வருஷமே, 2016 டிசம்பர் 12ந் தேதி, வர்தா புயல். மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. 2023 டிசம்பரில் மிச்சாங். வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் படகு விட்டார்கள். எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் புகுந்தது.

சென்னைக்கு மட்டும்தானா இந்தக் கதி? 2011 டிசம்பர் 30ல் தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. 2018 நவம்பர் 16ல் கஜா வேதாரண்யத்தைச் சூறையாடியது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை! 2024 நவம்பர் 30ல் ஃபெஞ்சல் புதுச்சேரிக்கருகே கரையைக் கடந்தது.

ஒவ்வொரு தடவையும் அரசாங்கம் நிவாரணம் கொடுத்தது. 2015ல் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 5 ஆயிரம் ரூபாய், குடிசை இழந்தவருக்கு 10 ஆயிரம். 2023ல் ரேஷன் கடை மூலம் 6 ஆயிரம்.

கொடுத்தது நல்ல காரியம். குறை சொல்லவில்லை. ஆனால் 6 ஆயிரம் ரூபாயில் என்ன வரும்? ஒரு மெத்தை, ஒரு கேஸ் அடுப்பு, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம். அத்தோடு காலி! பிரிட்ஜுக்கு எங்கே போவது? வாஷிங் மெஷினுக்கு? விரிசல் விட்ட சுவருக்கு?

வட்டிக் கடைக்குத்தான் போகிறார்கள். வெள்ளம் மூன்று நாளில் வடிந்துவிடும். வட்டி மூன்று வருஷமானாலும் வடியாது!

எல்லா கம்பெனியிலும் ஒரே பாலிசி

2021 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. அது பலருக்குத் தெரியவில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. வீடுகளுக்குத் தீ, புயல், வெள்ளம் இன்சூரன்ஸ் விற்கிற ஒவ்வொரு பொது இன்சூரன்ஸ் கம்பெனியும் ஒரே மாதிரியான பாலிசியை வைத்திருக்க வேண்டும் என்பது அந்த உத்தரவு. அதன் பெயர் 'பாரத் கிருஹ ரக்ஷா'. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தீ, இடி, புயல், சூறாவளி, வெள்ளம், சுனாமி, பூகம்பம், நிலச்சரிவு எல்லாம் இதில் அடக்கம். மரமோ லாரியோ வந்து வீட்டில் மோதினாலும் உண்டு. தண்ணீர்த் தொட்டி, குழாய் வெடித்தாலும் உண்டு. கலவரத்தில் வீடு சேதமானாலும் உண்டு.

இதில் நமக்கு என்ன லாபம்? ஷரத்து எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஆகவே விலையை ஒப்பிட்டுப் பார்ப்பது சுலபம்! தக்காளியைத் தக்காளியோடு ஒப்பிடுகிற மாதிரி.

பொதுத்துறையில் யுனைடெட் இந்தியா, நியூ இந்தியா, ஓரியண்டல், நேஷனல் என்று நான்கு கம்பெனிகள் இருக்கின்றன. யுனைடெட் இந்தியாவின் தலைமை ஆபீஸ் நம்ம சென்னையிலேயே இருக்கிறது. தனியார் கம்பெனிகளும் உண்டு. குறைந்தது மூன்று இடத்தில் விலை கேளுங்கள். மூன்று இடத்திலும் இதே பாலிசிக்கு, இதே தொகைக்குக் கேளுங்கள்.

எத்தனை லட்சத்துக்கு எடுப்பது?

இங்கேதான் ஜனங்கள் பயந்து ஓடுகிறார்கள்.

"என் பிளாட்டு 60 லட்சம் விலை போகுது. 60 லட்சத்துக்கு இன்சூரன்ஸ் எடுத்தா பிரிமியம் என்ன ஆகும்?" என்று மலைக்கிறார்கள்.

அப்படி எடுக்கவே வேண்டாம்! அந்த 60 லட்சத்தில் பெரும் பங்கு மண்ணின் விலை. வெள்ளம் வந்தால் மண் எங்கேயும் போய்விடாது. இடிந்தால் திருப்பிக் கட்ட என்ன செலவாகும்? அந்தத் தொகைக்கு எடுத்தால் போதும்.

கணக்கு இதுதான். வெளிச்சுவரைக் கழித்து உள்ளே இருக்கும் தரைப்பரப்பை அளந்துகொள்ளுங்கள். இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்குங்கள். பேச்சுக்கு, 600 சதுர அடி வீடு. சதுர அடிக்கு 2 ஆயிரம் ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். 12 லட்சம் ரூபாய். அவ்வளவுதான்!

அதற்கு மேல் இன்னொரு சமாசாரம். கட்டிடத்துக்கு எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவீதத்துக்கு வீட்டுச் சாமான்களும் தானாகவே சேர்ந்துவிடும். உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய். நம் கணக்குப்படி 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்க்கு டி.வி., பிரிட்ஜ், கட்டில், பீரோ எல்லாம் அடக்கம். அதற்கு மேல் சாமான் இருந்தால் பட்டியல் எழுதிக் கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட சின்ன வீட்டுக்கு வருஷப் பிரிமியம் பெரும்பாலும் சில நூறு ரூபாயில் தொடங்கி, ஆயிரத்துச் சொச்சத்துக்குள் முடிகிற கதைதான். இடத்துக்கு இடம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஜி.எஸ்.டி. தனி. தீபாவளிக்குப் பட்டாசு வாங்குகிற காசு!

பத்து வருஷம் வரைக்கும் சேர்த்து எடுக்கலாம். சேர்த்து எடுத்தால் தள்ளுபடி உண்டா என்று கேளுங்கள். விலைவாசி ஏறுகிறதே என்ற கவலையும் வேண்டாம். இன்சூரன்ஸ் தொகை வருஷத்துக்கு 10 சதவீதம் தானாகக் கூடும் என்று பாலிசியிலேயே இருக்கிறது.

முன்பெல்லாம் தொகையைக் கொஞ்சம் குறைத்து எடுத்திருந்தால், கம்பெனிக்காரர்கள் அதைச் சாக்காக வைத்து இழப்பீட்டையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். இந்தப் பாலிசியில் அந்த வெட்டு கிடையாது. இருந்தாலும் அளவைப் பொய்யாகக் குறைத்துச் சொல்லாதீர்கள். எழுதிக் கொடுப்பது உண்மையாக இருக்க வேண்டும். கூரை கான்கிரீட்டா, கீற்றா என்று கேட்பார்கள். உள்ளதைச் சொல்லுங்கள். வீட்டிலேயே கடையோ தையல் மெஷினோ வைத்துத் தொழில் நடத்தினால் அதையும் சொல்லிவிடுங்கள்.

"வெள்ளம் இருக்கா?"

ஏஜெண்டு வருவார். பேச்சு இப்படித்தான் போகும்.

"சார், ரொம்பக் கம்மி பிரிமியம் சார்! இங்க ஒரு கையெழுத்து..."

அவசரப்படாதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இதுல வெள்ளம் இருக்காப்பா?"

"எல்லாம் இருக்கு சார்!"

"எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு? காட்டு."

அங்கேதான் சாயம் வெளுக்கும்! வேறு வேறு பெயர்களில் வருகிற சில பாலிசிகளில் தீ இருக்கும், திருட்டு இருக்கும். புயலும் வெள்ளமும் இருக்காது. இருந்தாலும் முதல் 10 ஆயிரம் உங்கள் பொறுப்பு என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். பள்ளிக்கரணையில் வீட்டை வைத்துக்கொண்டு வெள்ளம் இல்லாத பாலிசி எதற்கு? குடை இல்லாத கைப்பிடி மாதிரி!

வெள்ளத்தை வெட்டிவிட்டுக் கொடுக்கிற மலிவு, மலிவே அல்ல. தொகையைச் சரியாகக் கணக்கிட்டு, வேண்டாத கூடுதல் சேர்க்கைகளைத் தவிர்த்து, நாலு இடத்தில் விலை கேட்டு வாங்குவதுதான் மலிவு.

வங்கிக்காரர் எடுத்துட்டாரே?

"நமக்குத்தான் லோன் போடும்போதே பேங்குல இன்சூரன்ஸ் எடுத்துட்டாங்களே!" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள்.

அந்தக் காகிதத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பல பேருக்கு அது உயிருக்கு எடுத்த பாலிசியாக இருக்கும். கடன் வாங்கியவர் இறந்தால் கடன் அடைபடும். வெள்ளம் வந்தால் ஒரு பைசா வராது!

வீட்டுக்கே எடுத்திருந்தாலும், அது கட்டிடத்துக்கு மட்டுமா, சாமானுக்கும் சேர்த்தா என்று பாருங்கள். கடன் பாக்கி இருக்கும்வரை கட்டிடத்துக்கான இழப்பீட்டில் வங்கிக்கு முதல் உரிமை உண்டு. இன்னொன்று. வங்கி காட்டுகிற கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வெளியில் மலிவாகக் கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம்.

வாடகைக்காரர்களும் எடுக்கலாம்

நம் ஊரில் பாதிப் பேர் ஒண்டுக் குடித்தனம். "வீடே நம்மளது இல்ல, நமக்கு எதுக்கு இன்சூரன்ஸ்?" என்பார்கள்.

வீடு வீட்டுக்காரருடையது. பீரோ உங்களுடையதுதானே? கட்டிடத்தை விட்டுவிட்டு, சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம். தொகை சின்னது, பிரிமியமும் சின்னது.

அடுக்குமாடிகளில் சங்கமே சேர்ந்து முழுக் கட்டிடத்துக்கும் எடுக்கலாம். மோட்டார் அறை, லிப்ட், மதில் சுவர் எல்லாம் அப்போது சேரும். மூன்றாம் மாடிக்காரர் "எனக்கு எங்கே வெள்ளம் வரப்போவுது?" என்று ஒதுங்கக்கூடாது. அஸ்திவாரம் எல்லோருக்கும் ஒன்றுதான்!

எதற்குக் கிடைக்காது?

இதையும் பச்சையாகச் சொல்லிவிட வேண்டும். பின்னால் "ஏமாத்திட்டாங்க" என்று புலம்பக்கூடாது.

ரொக்கப் பணம், பத்திரம், வண்டி வாகனம் இதில் வராது. வண்டிக்கு வண்டி இன்சூரன்ஸ்தான். அதிலும் தண்ணீரில் நின்ற வண்டியைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து என்ஜின் போனால், அதற்கென்று தனிச் சேர்க்கை இல்லாவிட்டால் பெரும்பாலும் கையை விரித்துவிடுவார்கள்.

நகைக்குத் தனியாகச் சொல்லி, தனிப் பிரிமியம் கட்ட வேண்டும்.

வருஷக் கணக்கில் ஊறி உதிர்ந்த சுவர், பராமரிக்காமல் ஒழுகுகிற மாடி, இதற்கெல்லாம் கிடைக்காது. கடல் அரிப்பால் கரை கரைந்து வீடு இறங்கினாலும் கிடைக்காது. பட்டினப்பாக்கம், காசிமேடு பக்கத்துக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

திருட்டு? வெள்ளத்துக்குப் பயந்து வீட்டைப் பூட்டிவிட்டுப் போன இடத்தில் பூட்டை உடைக்கிற பாவிகள் ஒவ்வொரு மழையிலும் உண்டு. வெள்ளம் போன்ற சம்பவத்தைத் தொடர்ந்து 7 நாளுக்குள் நடந்த திருட்டுக்கு இந்தப் பாலிசியில் இழப்பீடு உண்டு. உடனே போலீசில் புகார் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். மற்ற நாட்களில் நடக்கிற சாதாரணத் திருட்டுக்குத் தனிச் சேர்க்கை வேண்டும்.

தண்ணீர் வடிந்ததும்...

முதலில் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். உயிர்தான் முக்கியம்.

அடுத்தது போட்டோ! சுவரில் தண்ணீர் நின்ற கோடு, நனைந்த பிரிட்ஜ், புரண்ட பீரோ, ஒவ்வொன்றையும் எடுங்கள். அதற்குப் பிறகுதான் கழுவ வேண்டும். பலர் செய்கிற தப்பு என்ன தெரியுமா? மறுநாளே எல்லாவற்றையும் தெருவில் எறிந்துவிடுகிறார்கள். மாநகராட்சி லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. சர்வேயர் வரும்போது காட்ட என்ன இருக்கிறது?

கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லுங்கள். போனில் சொன்னால் புகார் எண் வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். சேதத்தைக் கண்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் கிளெய்ம் பாரம் கொடுத்தாக வேண்டும்.

சாமான் வாங்கிய பில், பாலிசி, வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் இப்போதே செல்போனில் போட்டோ எடுத்து, வெளியூரில் இருக்கிற மச்சானுக்கோ தங்கைக்கோ அனுப்பி வையுங்கள். பீரோவே மிதந்தால் பாலிசியை எங்கே தேடுவது?

போலிகள் ஜாக்கிரதை!

மழைக்காலத்தில் காளான் முளைக்கிற மாதிரி போலி ஏஜெண்டுகளும் முளைப்பார்கள். "ஆணையத்திலேருந்து பேசுறேன், உங்க பாலிசிக்கு போனஸ் வந்திருக்கு" என்று போனில் பேசினால் பட்டென்று வையுங்கள். ஆணையம் பாலிசியும் விற்காது, போனசும் தராது.

பிரிமியத்தைக் கம்பெனி பெயருக்கே கட்டுங்கள். ஏஜெண்டின் சொந்தக் கணக்குக்கு அனுப்பாதீர்கள். ரசீதும் பாலிசியும் கைக்கு வந்ததும், கம்பெனி ஆபீசில் நம்பரைச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி கையை விரித்தால்?

விட்டுவிடாதீர்கள்!

முதலில் கம்பெனிக்கே எழுத்து மூலம் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலேயே ஆபீஸ் இருக்கிறது. வக்கீல் வேண்டாம், பீஸ் கிடையாது. 50 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளை விசாரிப்பார். ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். அவர் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். ஆணையத்தின் 155255 என்ற இலவச எண்ணிலும் புகார் சொல்லலாம். நுகர்வோர் கோர்ட்டும் இருக்கிறது.

அரசுக்கும் கம்பெனிகளுக்கும்

ஜனங்களுக்குச் சொல்லியாச்சு. இனி பெரியவர்களுக்கு.

கம்பெனிகளே! பாலிசியைப் புரிகிற தமிழில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் அச்சடித்துக் கொடுங்கள். வருஷாவருஷம் ஆவணி, புரட்டாசியில் வேளச்சேரியிலும், முடிச்சூரிலும், வியாசர்பாடியிலும் முகாம் போடுங்கள். வண்டி இன்சூரன்சுக்குத் தெருத்தெருவாக ஆள் அனுப்பத் தெரிகிறதே, இதற்குத் தெரியாதா?

கீற்றுக் கொட்டகையிலும், பட்டா இல்லாத ஆற்றோரத்திலும் இருக்கிற ஏழைக்கு இந்தப் பாலிசி எளிதில் எட்டாது. முதலில் மூழ்குகிறவன் அவன்தான். அவனுக்கு அரசாங்கம்தான் எடுக்க வேண்டும். நாகாலாந்து அரசு 2024ல், மழை அளவு ஒரு எல்லையைத் தாண்டினால் இழப்பீடு கிடைக்கிற மாதிரி ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. அந்தச் சின்ன மாநிலத்தால் முடிகிறது. நம்மால் முடியாதா?

மாநகராட்சிக்கும் ஒரு வார்த்தை. ஜனங்கள் இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்காகக் கால்வாயைத் தூர் வாராமல் விடலாம் என்று நினைக்க வேண்டாம். வெள்ளம் அடிக்கடி வருகிற இடத்துக்கு நாளைக்கே கம்பெனிகள் பிரிமியத்தை ஏற்றலாம். அடைபட்ட கால்வாய்க்கும் சேர்த்து ஜனங்கள் பிரிமியம் கட்டுவதா?

கடைசியாக ஒன்று. புயல் கரையைத் தொட்ட பிறகு எடுக்கிற பாலிசி, போன வெள்ளத்துக்கு உதவாது. தண்ணீர் வாசற்படியைத் தொட்ட பிறகு போன் செய்தால் ஒரு கம்பெனியும் எடுக்காது.

இந்த ஞாயிற்றுக்கிழமை அளவுநாடாவை எடுங்கள். வீட்டை அளங்கள். திங்கட்கிழமை மூன்று கம்பெனிக்குப் போன் போடுங்கள்.

"வெள்ளம் இருக்கா?" என்று கேட்க மறந்துவிடாதீர்கள்!